யோகலட்சுமி அடுக்கிய ஏழு வரிசைகள்

முத்தரசுக்கு யோகலட்சுமியைக் கண்டாலே ஆகாது. சாக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள மசாலாக் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர், டிப்ளமோ படித்தவன். அவள் பத்தாவதோடு நின்றவள். ஒன்பது வருஷமாகப் பாக்கெட் போடும் மெஷினை ஓட்டுகிறாள். ஓட்டுவதோடு விட்டிருந்தால் பாவம், அவனும் நிம்மதியாக இருந்திருப்பான்.

போன வருஷம் வந்த புது மெஷினில் ஒரு தொடுதிரை. அதில் வண்ணக் கட்டங்களை விரலால் இழுத்து அடுக்கினால் மெஷின் அந்த வரிசைப்படி வேலை செய்யும். ஓட்டுகிறவர்களே மாற்றிக்கொள்ளலாம் என்று விற்றவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். முத்தரசு அதைத் தொடவில்லை. தப்பாகிப்போனால் தன் தலை உருளுமே என்ற பயம். யோகலட்சுமி தொட்டாள். மிளகாய்த்தூள் பறந்து பாக்கெட் வாயில் படிவதால் ஒட்டு விட்டுப்போகும்; தூள் அடங்கும்வரை அரை நொடி பொறுக்கச் சொல்லி ஒரு கட்டம் சேர்த்தாள். மல்லிக்கு வேறு, மஞ்சளுக்கு வேறு என்று ஏழு வரிசை ஆயிற்று. வீணாகும் பாக்கெட் பாதிக்குமேல் குறைந்தது. முதலாளி சேவுகப்பெருமாள் அவளைப் பாராட்டிய அன்று முத்தரசுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, காலைப் பூஜை முடிந்து மெஷினைப் போட்டதும் பாக்கெட்டெல்லாம் எழுத்துக்கு நடுவே வெட்டுப்பட்டு விழுந்தன. கண்டவர்களும் கட்டத்தை மாற்றினால் இப்படித்தான் என்று முதலாளி முன்னாலேயே முத்தரசு கத்தினான். யோகலட்சுமி மெஷினின் பக்கவாட்டில் குனிந்தாள். எங்கே வெட்டுவது என்று பார்த்துச் சொல்லும் சென்சார் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. காலையில் மெஷினுக்குப் பொட்டு வைத்தது முத்தரசுதான். அவள் துடைத்துவிட்டாள். அடுத்த பாக்கெட் சரியாக வந்தது.

தப்பு யாருடையது என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் முதலாளிக்குச் சூப்பர்வைசரின் மானம் பெரிதாகப் போயிற்று. இனி வரிசையை மாற்றும் பாஸ்வேர்டு முத்தரசிடம் மட்டும் இருக்கட்டும், நீ ஓட்டினால் போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காரைக்குடிக்குக் கிளம்பிவிட்டார். ஒரு வருஷம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது மொத்தமும் அவன் கைக்குப் போகப்போகிறது.

ஷிப்டு முடியுமுன் திரைமுன் பத்து நிமிஷம் நின்றாள். பிறகு பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி முத்தரசிடம் நீட்டினாள். அவன் அங்கேயே திறந்து பார்த்தான். மெஷின் புதிதாக வந்தபோது இருந்த ஒரே ஒரு வரிசைதான் இருந்தது.

"மத்த ஏழும் எங்க?" என்றான்.

"மெஷினோட வந்தது அப்படியே இருக்கு, சார். நான் போட்டத நான் அழிச்சிட்டேன்" என்றாள் யோகலட்சுமி. "நீங்க படிச்சவுக, போட்டுக்கிருவீக."