பங்களாப் பசுவின் இரட்டைச் சுழி

அம்மா பழைய செய்தித்தாளை நனைத்துத் துடைத்த கண்ணாடியில் மூக்கை ஒட்டினால் ஈரமும் அச்சுமையும் கலந்த ஒரு நெடி வரும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பசு நின்றுகொண்டிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்திலும் ஈஜோக் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மேனேஜரை நாங்கள் ‘தொரை’ என்றே சொன்னோம். அவர் பங்களாவில் அம்மாவுக்கு வீட்டுவேலை. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் வண்ணமே கிடையாது, எல்லாம் கோடுதான். வயிற்றுக்கு நீண்டு வளைந்த கோடுகள், கழுத்து மயிருக்குக் குட்டைக் கீறல்கள், தாடைக்குக் கீழே தொங்கும் தோல்மடிப்பில் கோட்டின்மேல் கோடு விழுந்து கறுத்த நிழல். தொட்டால் சொரசொரக்கும் என்று நம்பிக் கண்ணாடியைத் தடவி அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு அச்செடுத்த படம் அது என்று பின்னாளில்தான் தெரிந்தது.

எங்கள் தொழிலாளர் லயத்தின் பின்னாலும் ஒரு பசு இருந்தது, சிவப்பி. அதன் பாலில்தான் தம்பி வளர்ந்தான். அம்மா கையில் தனக்கென்று நாலு காசு புழங்கியதும் அதனால்தான். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட வருடம், மாடுகள் இளஞ்செடிகளை மேய்கின்றன, இனி தோட்டத்தில் யாரும் மாடு வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

கெஞ்சிப் பார்க்கலாமென்று அப்பா தோட்ட ஆபீஸ் கிராணியை அழைத்துக்கொண்டு பங்களாவுக்கு வந்தார். கட்டிப்போட்டே வளர்க்கிறோம், வெளியே விடமாட்டோம் என்று அவர் சொல்லச் சொல்ல, கிராணி அதைப் பாதியாக்கி ஆங்கிலத்தில் சொன்னார். தொரை சுவரைக் காட்டினார். தமக்கும் மாடு பிடிக்குமாம். ஒவ்வொரு மயிரையும் எப்படிக் கீறியிருக்கிறான் பார் என்றாராம். பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற மாட்டை ஒருநாள் வந்து பார்க்க அந்த மனிதருக்குக் கால் வரவில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா படத்தைப் பார்த்தார். விலைக்கு மாடு வாங்கப் போனவரைப் போல நெற்றியிலிருந்து பார்த்தார். பார்த்ததும் வந்த காரியத்தையே மறந்துவிட்டார்.

“கிராணியய்யா, தொரைகிட்ட சொல்லுங்க. நெத்தியில ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெட்டச் சுழி கெடக்கு, ‘குடைமேல் குடை’. இத வீட்டுல வச்சா குடும்பத்துக்கு ஆகாது. புள்ளகுட்டி இருக்கிற வீடு லா.”

கிராணி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். தொரையும் சிரித்து, அப்பாவின் தோளைத் தட்டி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். சிவப்பியைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. மறுவாரம் தஞ்சோங் காராங்கிலிருந்து லோரி வந்து அதை அடிமாட்டு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நாள் காலையிலும் அம்மா பங்களாவுக்குப் போய் அதே கண்ணாடியைத் துடைத்தார்.

இன்று லயம் இல்லை, பங்களா இல்லை, மாட்டை விரட்டிவிட்டு நட்ட செம்பனையும் இல்லை. வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றன. தொரையின் குடும்பத்துக்கு ஒரு குறையும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. அப்பாவின் கடைசிக் காலத்தில் ஒருநாள், நம் மாட்டைப் பிடுங்கியவனுக்குப் போய் ஏன் நல்லது சொன்னீர்கள் என்று அவரிடம் சண்டைக்கே போனேன்.

“தெரிஞ்சும் சொல்லாம வந்திருக்கணுமா?” என்றார்.

சிவப்பி போனதைக்கூட ஆற்றிக்கொண்டேன். இந்தப் பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.