பெரிய கிராணியின் காது

நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் பெரிய கிராணி, பினாங்கில் ஒரு தமிழ்ச் சபைக்கும் தலைவர். மேடை ஏறினால் இறங்கத் தெரியாதவர். நான் அவருக்குக் கீழே சின்ன கிராணி, அதாவது குமாஸ்தா. கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி வரும் தொங்கான்களை வாடகைக்கு விடுவது என் வேலை; அவர் பேச்சுக்குத் தலையாட்டுவது அதைவிடப் பெரிய வேலை.

பேசும் படம் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். மெட்ராஸிலிருந்து ஒரு டைரக்டர் வந்து நான்கு தொங்கான்கள் கேட்டார். கடல் தாண்டிப் போருக்குப் போகும் ஒரு ராஜாவின் கதை என்றார். தலையில் ஈரத் துண்டு, அதன்மேல் தொப்பி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நம் நிழல் சுவரில் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்.

"பைத்தியத்த எல்லாம் ஏன் தம்பி உள்ள விடுறீங்க?" என்றார் பெரிய கிராணி. மந்திரி வேஷத்துக்கு டைரக்டர் உள்ளூரில் ஆள் தேடுகிறார் என்று தெரிந்த மறுநாளே பைத்தியம் மேதை ஆகிவிட்டது. டைரக்டர் அவரை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார்.

"நீங்கதான் சார் மந்திரி."

"வசனம்?"

"நீங்களே பேசுங்க. நிறைய பேசுங்க."

பெரிய கிராணி நான்கு பக்கம் எழுதினார். இரண்டு வாரம் ஆபீசில் ஒத்திகை நடந்தது. ராஜாவாக நான் நின்றேன்.

துறைமுகக் கரையில் மூன்று நாள் படம் பிடித்தார்கள். டைரக்டர் உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒரு சட்டத்தில் கட்டி, அவற்றில் தெரிந்த தொங்கான்களைப் படம் பிடித்தார். நான்கு நாற்பதாகத் தெரியுமாம். சரக்கு வைக்கும் கிட்டங்கியின் சுவரைத் தண்ணீர் விட்டு நனைக்கச் சொன்னார். காய்ந்ததும் மறுபடி நனைக்கச் சொன்னார். சபைக்காரர்கள் குடை பிடித்து நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் தொங்கான்காரர்களுக்குத் தலைவரான தண்டல் மட்டும் சிரிக்காமல் சொன்ன இடத்தில் படகை நிறுத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மந்திரியின் காட்சி. படகுகள் மூழ்கிவிட்டன என்று தூதன் வந்து சொல்ல வேண்டும். பட்டும் ஒட்டுத் தாடியுமாகப் பெரிய கிராணி உச்சி வெயிலில் நின்று நான்கு பக்கத்தையும் முழங்கினார். கேமரா அவர் தோளுக்குப் பின்னால் இருந்தது.

"நிறுத்தாதீங்க சார், பேசிக்கிட்டே இருங்க" என்றார் டைரக்டர்.

நான் மெதுவாகக் கேட்டேன். "குரல் பிடிக்கிற மெஷின் எங்கே சார்?"

"அதை யார் கொண்டு வந்தது? பேசும்போது அவர் காது நடுங்குது பாருங்க. எனக்கு அது போதும்."

இதை நான் பெரிய கிராணியிடம் சொல்லவில்லை. பயம் பாதி, சந்தோஷம் பாதி.

அடுத்த வருடம் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்னி. சபைக்காரர்களைக் கொண்டு இரண்டு வரிசையை நிரப்பியிருந்தார் பெரிய கிராணி. மாலை ஒன்றும் தயாராக இருந்தது. மந்திரியின் காட்சி வந்தபோது திரை முழுவதும் ஒரு காது. மந்திரி ஒரு வார்த்தை பேசவில்லை.

"யாரு காதுலா அது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, கொட்டகையே சிரித்தது. பெரிய கிராணி எழுந்து வெளியே நடந்தார். சபை எழுந்தது. நானும் எழுந்தேன்.

மறுநாள் காலை, "எழுதுங்க தம்பி" என்றார்.

பத்திரிகைக்கு எழுதினேன், 'ஒரு தமிழ் அபிமானி' என்ற பெயரில். பாட்டே ஏழுதான், கதாநாயகன் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது, கசாப்புக் கடைபோல டைரக்டர் மனிதர்களைத் துண்டு போட்டுத் தொங்கவிடுகிறார் என்றெல்லாம் எழுதினேன். அந்தக் கசாப்புக் கடை வாக்கியத்தில் எனக்குத் தனிப் பெருமை. சபையில் அதை உரக்கப் படித்துக் கைதட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் படத்தின் பாதியைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம் கரையில் தண்டல் சொன்னார்: "படம் இன்னியோட போவுதாம் தம்பி. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"என்னண்ணே இருக்கு அதுல?"

"அந்தக் காது இருக்குல்ல? ஒரு தடவ புயல்ல ரெண்டு ஆளக் கடல்ல விட்டுட்டு வந்தேன். அவங்க அப்பாகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அவரு மூஞ்சிய என்னால பாக்க முடியல. காதப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்."

அன்று மத்தியானம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் படத்துக்குப் போனேன். கொட்டகையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். சிரிக்க ஆள் இல்லை. மெட்ராஸில் பிறகு சேர்த்த தூதனின் குரல் மட்டும் கேட்டது. காதின் பின்னாலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கி, மடலின் நுனியில் தொங்கி நின்றது. பாய்மர நிழல்கள் ஒவ்வொன்றாகக் காதின்மேல் ஏறிக் கன்னத்தில் சரிந்து மறைந்தன. பின்னால் நனைந்த சுவர் கடல்போலப் பளபளத்தது. மூழ்கும் படகு ஒன்றைக்கூட அந்த மனிதர் காட்டவில்லை. இந்த மனிதரையா கசாப்புக் கடைக்காரர் என்று எழுதினோம் என்று குன்றிப்போனேன்.

குன்றிப்போனேனே தவிர, மறுத்து ஒரு வரி எழுதவில்லை. பெரிய கிராணியின் முகம் நினைவுக்கு வந்தது.

இரண்டு வருடம் கழித்து மெட்ராஸ் பத்திரிகை ஒன்று அந்த டைரக்டரைத் தூக்கிவைத்து எழுதியது. அது பினாங்குக்கு வந்து சேர்ந்த அன்றே, "நான் நடிச்ச படம்" என்று பெரிய கிராணி பேச ஆரம்பித்தார். எழுந்து போன இரண்டு வரிசையும் படத்தை முதலிலேயே புரிந்துகொண்டவர்களாக மாறிவிட்டன.

"எழுதுங்க தம்பி" என்றார். "காதப் பத்தி மட்டும் வேணாம்."

எழுதினேன். மெட்ராஸ் பத்திரிகையின் வார்த்தைகளையே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன். அதே 'தமிழ் அபிமானி'தான் கையெழுத்து, ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கு அந்த வருடமே பதவி உயர்வு கிடைத்தது. டைரக்டர் அதற்குப் பிறகு பினாங்குப் பக்கம் வரவில்லை.