கரிமேட்டு வண்டும் என் பொறாமையும்

நான் பொறாமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நம்பி ஏமாறக் கூடாது.

ஜேர்மனியின் ஹம் நகரத்திலிருந்து ரயிலேறிப் போய் ஒரு அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். செத்த வண்டுகளை ஊசியில் குத்தி, கால்களை விரித்துக் காயவைத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊசியிலும் வண்டுக்குக் கீழே நகமளவு கடதாசித் துண்டு ஒன்று இருக்கும். எங்கே பிடித்தது, எந்த நாள், யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் துண்டு இல்லாத வண்டு வெறும் குப்பை. எங்கள் பிரிவுத் தலைவி முதல் நாளே எனக்குச் சொன்னது இதைத்தான்.

அந்த வேலையில் எனக்கு ஒரு ஆளைப் பிடித்துப்போனது. எப்போதோ செத்துப்போன ஆங்கிலேயர், தாடியும் கண்ணாடியுமாக இருப்பார். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பூச்சி பிடித்து விற்றுப் பிழைத்தவர். அமேசன் காட்டில் வருடக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் ஊர் திரும்பும்போது கப்பலோடு எரிந்துபோனது. மனுசன் மறுபடியும் புறப்பட்டு மலாய்த் தீவுகளுக்குப் போனார். அங்கே காய்ச்சலில் கிடந்தபோதுதான் அவருக்கு அந்த விஷயம் பிடிபட்டது. சூழலுக்குப் பொருந்துவது பிழைக்கிறது, பொருந்தாதது சாகிறது, தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தே இனங்கள் மாறுகின்றன. அதை எழுதி, தான் மதித்த மூத்த அறிஞர் ஒருவருக்கு அனுப்பினார். அந்த மூத்தவரோ அதே எண்ணத்தை இருபது வருடமாகத் தனக்குள் வைத்திருந்தவர். இருவர் எழுதியதையும் ஒரே கூட்டத்தில் வாசித்தார்கள். புகழ் மூத்தவர் பக்கம் போனது. இவர் அதற்காக முகம் சுளித்ததே இல்லையாம். எனக்கு அது மட்டும் விளங்கவே இல்லை. மற்றபடி, நானும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்பதால் அவரை என் ஆளாகவே வைத்திருந்தேன்.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்தாள். வந்த கிழமையே அவருடைய படத்தைத் தன் மேசையில் ஒட்டினாள். அன்றைக்கே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

அதற்கு மூன்று வருடம் முன்பு, பழைய பெட்டிகளைத் துப்புரவாக்கும்போது நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். கால்வாய்க் கரையில் பிடித்த ஒரு வகை வண்டுகள் அனேகமாகச் செம்பு நிறம். பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு குவிந்த கரிமேட்டில் பிடித்த அதே வகை பெரும்பாலும் கறுப்பு. கரியில் மினுங்கும் வண்டைப் பறவை முதலில் கொத்தியிருக்கும் என்று ஒரு கொப்பியில் தமிழில் எழுதி, வீட்டு அலுமாரிக்குள் வைத்தேன். படிக்காதவள் சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்தப் பிள்ளை நாலு பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, மேடம்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துடுங்க. எக்ஸிபிஷன்ல எனக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

அந்தத் தாடிக்காரரைப் பற்றித்தான் கண்காட்சி. ரயிலில் வாசித்தேன். கால்வாய், கரிமேடு, செம்பு, கறுப்பு, பறவை. அவளே பிடித்த நாற்பது வண்டுகளைக் கொண்டு, என் கொப்பியில் இருந்த அதே விஷயத்தை எழுதியிருந்தாள். களவெடுத்தாள் என்று சொல்லவும் வழியில்லை.

வீட்டில் என் கணவர் கேட்டார். "இஞ்சாரும், ஏன் முகம் உப்பிக் கிடக்கு?"

"அந்தப் பிள்ளை கெட்டிக்காரி," என்றேன்.

"அதுக்கு நீர் ஏன் சாப்பிடாமல் இருக்கிறீர்?"

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அவளுடைய பெட்டியைத் திறந்தேன். அளவெடுப்பதற்காக இரண்டு இடத்து வண்டுகளையும் கலந்து, பெரியது முதல் சிறியது வரை அடுக்கியிருந்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாக ஊசியிலிருந்து கீழே உருவினேன். ஒரு கிழமை தேடி அலையட்டும், பிறகு திருப்பிக் குத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். வரிசை மாறாமல் மேசையில் வைத்துக்கொண்டு வந்தபோது, துப்புரவு செய்பவர் கதவைத் திறந்தார். காற்று நாற்பது துண்டையும் நிலத்தில் கொட்டியது. அவர் போனதும் எல்லாவற்றையும் பொறுக்கினேன். எது எதனுடையது என்று தெரியவில்லை. செம்புக்குக் கால்வாய், கறுப்புக்குக் கரிமேடு என்று நிறத்தைப் பார்த்துக் குத்திவைத்தேன்.

அடுத்த நாள் காலை அவள் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"கரிமேட்டுல நாலு செம்புக் கலர், கால்வாய்ல நாலு கறுப்பு இருந்துச்சுக்கா. இப்ப ஒண்ணுகூட இல்ல. நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல."

சொல்லிவிட்டுத் தன் அட்டவணையைத் திருத்தப் பேனாவை எடுத்தாள். நான் பேசாமல் இருந்திருந்தால் பொய் ஒன்று அவள் பெயரில் அச்சாகியிருக்கும். அந்த மூத்தவர்கூடத் தன் கைக்கு வந்த கடிதத்தை ஒளிக்கவில்லை.

"நீர் எண்ணினது சரி, பிள்ளை. நான்தான் துண்டுகளைக் கழட்டினனான்."

"ஏன்க்கா?"

"பொறாமை," என்றேன். கொப்பியைப் பற்றியும் சொன்னேன்.

அவள் பேனாவை மூடிவைத்தாள். பிரிவுத் தலைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. நாற்பது புதுத் துண்டுகளில் 'இடம் தெரியாது' என்று என் கையாலேயே எழுதவைத்தார். எச்சரிக்கைக் கடிதமும் தந்தார். கண்காட்சி அவளுடைய பெட்டி இல்லாமலே நடந்தது.

ஒரு கிழமை கழித்து என் கொப்பியைக் கேட்டு வாங்கி வாசித்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"இத நீங்கதான் முதல்ல பாத்திருக்கீங்க. வாங்க, திரும்பப் பிடிப்போம்."

"உமக்குக் கோவமில்லையோ?"

"இருக்குக்கா. நல்லாவே இருக்கு. ஆனா தாடிக்காரருக்குக் கப்பலே எரிஞ்சுச்சே."

அனுமதிக் கடிதம் வாங்கி, அந்தக் கோடையில் முதலில் கரிமேட்டிலும் பிறகு ஊன்ட்றொப்பில் எங்கள் தமிழ்க் கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாய்க் கரையிலும் வண்டுகள் விழட்டும் என்று ஜாம் போத்தல்களை வாயளவுக்கு மண்ணில் புதைத்தோம். கோயில் திருவிழா நேரம். மேளச் சத்தம் கேட்டது. பட்டுச்சேலையோடு போன ஒரு அக்கா நின்று பார்த்தார். "தேருக்கு வந்தனீங்களோ, பூச்சி பிடிக்க வந்தனீங்களோ?"

"ரெண்டுக்கும்தான் அக்கா," என்றேன்.

மறுபடி நாற்பது வண்டுகள் சேர்ந்தன. பொடி எழுத்து எனக்குத்தான் வரும் என்று துண்டுகளை எழுத என்னிடம் விட்டாள். பிடித்தவர் என்ற இடத்தில் எங்கள் இரண்டு பேரின் பெயரும் வர வேண்டும். யார் முதலில் என்று அவள் சொல்லவில்லை. செய்த வேலைக்குப் பரிகாரமாக அவள் பெயரை முன்னால் எழுதிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு துண்டிலும் மனது முரண்டுபிடித்தது. இருபத்தாறு வரை தாக்குப்பிடித்தேன். இருபத்தேழாவதில் என் பெயரை முன்னால் எழுதினேன்.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாத்துலயுமே இப்படி எழுதியிருக்கலாமேக்கா," என்றாள். அந்தத் தாடிக்காரரைப் போல முகம் சுளிக்காமல், மனதாரத்தான் சொன்னாள். அந்த நொடியில் அவள்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால், பழையதெல்லாம் ஒன்றுமே இல்லை.