சுடுமணலில் என் ஒற்றைச் செருப்பு

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். மாரியூருக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில், நான் மப்டியில் துப்பறியப் போய் ஒரு நாயிடம் செருப்பைப் பறிகொடுத்த கதை இது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என்னைவிடக் கெட்டிக்காரப் போலீஸ்காரன் ராமநாதபுரம் ஜில்லாவிலேயே இல்லை என்கிற மிதப்பு வேறு.

மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண் ஒருத்தியை இரண்டு நாளாகக் காணோம். அதற்கு முந்தின நாள் புருஷனோடு சண்டை. அவனே அடித்துக் கடலில் போட்டிருப்பான் என்று ஊரே சொன்னது. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. அவன் கையில் விலங்கை மாட்டி வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன்.

அந்த வீட்டு நாய் இருக்கிறதே, அதுபோல ஓர் அடங்காப்பிடாரியை நான் கண்டதில்லை. வந்ததும் வராததுமாக என் வேட்டியைக் கவ்வி இழுத்தது. கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்தது. கூட வந்த கான்ஸ்டபிள் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு நாளாக எல்லோரையும் இப்படித்தான் இழுக்கிறது, வெறி பிடித்திருக்கும் என்றார்கள்.

ஊருக்கு மேற்கே, தாழம்புதருக்குப் பின்னால், கரையொதுங்கும் அநாதைப் பிணங்களைப் புதைக்கிற மணல்மேடு ஒன்று உண்டு. அங்கே இரண்டு நாளாக ஒரு பெண்குரல் முனகுகிறதாம். "அவதான்யா. செத்தும் அடங்காம அங்கன கெடந்து கூப்புடுறா" என்றார் சாட்சி சொல்ல வந்தவர். நானும் தலையாட்டினேன். ஆவியே வந்தாயிற்று, கொலை என்பதில் இனி என்ன சந்தேகம்! பெரிய துப்பறியும் புலி அல்லவா நான்.

உச்சி வெயிலில் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கழற்றி வைத்த என் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. வந்த கோபத்தில் மற்றதை மாட்டிக்கொண்டு, வெறுங்கால் சுடுமணலில் வேக, நொண்டி நொண்டித் துரத்தினேன். ஜனங்கள் சிரித்தார்கள். தாழம்புதரைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை, கான்ஸ்டபிள் உட்பட.

காற்றே இல்லை. நாய் செருப்பைக் கீழே போட்டுவிட்டு மணலையே பார்த்து நின்றது. அப்போது என் காலுக்கு அடியிலிருந்து, ஒரு பெண் செபமாலை சொல்கிற முணுமுணுப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஓடத்தான் திரும்பினேன். அந்தச் சனியன் மறுபடி வேட்டியைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அதன் உறுமல் கேட்டதும் முணுமுணுப்பு நின்றது.

"ஏலே, வந்துட்டியா?" என்றது கீழேயிருந்த குரல்.

ஆவி எங்கேயாவது நாயைக் கொஞ்சுமா? மண்டியிட்டு மணலைத் தள்ளினேன். பனையோலை தட்டுப்பட்டது. ஓலைக்கு அடியில் குழி. குழிக்குள் இடுப்புவரை மணலில் புதைந்து அவள்.

அந்தக் கோடையில் ஊர் ஊற்றெல்லாம் உப்புக் கரித்துப்போனதால், யாரும் எட்டிப் பார்க்காத அந்த மேட்டில் இவள் ரகசியமாக ஊற்றுத் தோண்டி, ஓலையால் மூடி வைத்து, நல்ல தண்ணீர் எடுத்து வந்திருக்கிறாள். இறங்கியிருந்தபோது கரை சரிந்து, ஓலையும் மணலும் மேலே மூடிவிட்டன.

ஊரே வந்து தூக்கியது. மேலே வந்தவள் எங்களைச் சுற்றிலும் பார்த்தாள். "நான் கூப்புட்டது ஒருத்தருக்குமா கேக்கல?" என்றாள்.

ஆளாளுக்கு மேலே ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு நின்றோம். பிறகு வேப்பமரத்தடிக்குத் திரும்பி, அவள் புருஷனுக்கு விலங்கைக் கழற்றிவிட்டேன்.

இன்றைக்கும் எங்கே என்ன குரல் கேட்டாலும், எவ்வளவு பயமாக இருந்தாலும், முதலில் போய்ப் பார்த்துவிடுகிறேன். ஆனால் 'கேட்டதம்மா, எல்லோருக்கும் கேட்டது' என்று அவளிடம் அன்றைக்கே ஒப்புக்கொள்ளாமல் நின்ற வெட்கம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.