அடைக்கலம் தின்ற கீரை

எங்கள் ஊரில் கஞ்சாவைப் பற்றி அடைக்கலத்தைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. முதலில் அதைப் பிடுங்கினார். பிறகு அதைக் கண்டித்து மேடையில் பேசினார். பேசிக்கொண்டே கொல்லையில் வளர்த்தார். கடைசியில் ஒரு சட்டி நிறையத் தின்றார். ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் சுருக்கமாகச் சொன்னால் மனிதர் தப்பித்துக்கொள்வார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆலங்குடிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர் கொல்லைக்கும் என் கொல்லைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் தும்மினால் அவர் ஊருக்கே சொல்வார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த காலத்தில் அவர் கலால் சேவகர். காக்கிச் சட்டை, சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. அந்த வில்லையைப் புளி போட்டுத் துலக்குவதிலேயே பாதிக் காலை போய்விடும். யாராவது வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்தால் பிடுங்கி மேலே சொல்ல வேண்டியது அவர் வேலை. நாற்பத்தைந்தாம் வருஷம் மார்கழியில், பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அந்த வருஷம் அடைக்கலம் ஒரு செடிகூடப் பிடித்திருக்கவில்லை. பிடித்திருக்க வேண்டியவர்கள் எல்லாரும் அவருக்கு வாழைத்தாரும் கோழியும் கொடுக்கிறவர்கள். வெறுங்கையோடு அதிகாரி முன்னால் எப்படி நிற்பது?

பிச்சையம்மாள் என்று ஒரு கீரைக்காரி. புருஷன் இல்லை, ஒரே மகள் செவந்தி. கடலைக்காட்டு வரப்பில் புளிச்சக்கீரை போட்டிருந்தாள். புளிச்சக்கீரையின் இலையும் கஞ்சாவின் இலையும் விரலை விரித்த மாதிரி ஒரே சாயலாக இருக்கும். தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. கிட்டே போய் மோந்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். அடைக்கலம் மொத்த வரப்பையும் வேரோடு பிடுங்கி, கட்டாகக் கட்டி, அவள் தலையிலேயே ஏற்றி, சந்தை வழியாக நடத்திக்கொண்டு போனார். அதிகாரி காரைவிட்டு இறங்காமலே கட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கட்டைக் கொளுத்தினார்கள். அவளை எச்சரித்து விட்டுவிட்டதாகவும், அதுவே அடைக்கலத்தின் இரக்க குணம் என்றும் பேசிக்கொண்டார்கள். அவசரத்தில் மனிதர் மோந்து பார்க்க மறந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குக் கஞ்சாக்காரி என்று பெயர். யாரும் கோபமாகச் சொல்வதில்லை, அதுதான் கொடுமை. "கஞ்சாக்காரி வந்துட்டாளா? ரெண்டு கட்டு வாங்கி வை" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கீரமங்கலத்திலிருந்து செவந்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள், வழியில் வீடு எது என்று விசாரித்தார்கள். "கஞ்சாக்காரி வீடா? அங்கிட்டுப் போங்க" என்று யாரோ கையைக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் எங்கிட்டும் போகாமல் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். பிறகு பிச்சையம்மாள் செவந்தியை ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் பிச்சையம்மாள் ஒரு கட்டுக் கீரையோடு அடைக்கலத்தின் வாசலில் வந்து நிற்பாள்.

"அய்யா, அது கீரைதான்னு சந்தையில நின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு வேறெதுவும் வேணாங்க."

"சர்க்கார் காரியம், பிச்சையம்மா. எழுதுனது எழுதுனதுதான். அழிக்க முடியுமா?"

எங்கும் எதுவும் எழுதப்படவே இல்லை. கீரைக்கட்டை மட்டும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போயிற்று. சேவகர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அடைக்கலத்துக்குக் கிடைத்தது ஏதோ ஓர் ஆபீசில் காகிதக் கட்டுத் தூக்கும் வேலை. "மீசை வச்சவன் கட்டுத் தூக்குறதா?" என்று திரும்பி வந்துவிட்டார். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, அந்தத் தோரணையில் தெருவில் நடப்பார். மதுவிலக்கு வந்ததும் ஊருக்கு ஒரு குழு அமைத்தார்கள். அனுபவஸ்தர் என்று அவரையே செயலாளராகப் போட்டார்கள். வாரம் ஒரு கூட்டம். "போதை மனிதனை மிருகமாக்குகிறது" என்று தொடங்கி, சோடா குடித்து, மறுபடியும் அங்கேயே வந்து முடிப்பார்.

பழைய நாளில் பிடிபட்ட மூட்டை ஒன்றிலிருந்து ஒரு பிடி விதையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார் போலிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலியே பயிர் வைத்தது. கிணற்றடி வாழைக்குப் பின்னால் ஆறு செடி. கேட்டால் மாட்டுக்கு வயிற்று மருந்து என்பார். அவரிடம் மாடு கிடையாது.

அதிலிருந்து எப்படியோ கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடித்து வைப்பார். கூட்டத்தில் பேசிவிட்டு வந்த அலுப்புக்கு ஒன்று. வேலி வழியாக எனக்கும் ஒருநாள் நீட்டினார். "சீரணத்துக்கு நல்லது, வாத்தியாரே." நான் வாங்கித் தின்றேன், மறைப்பானேன்? ஒரு மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு எதிர்வீட்டு ஆடு அசைபோடுவதைப் பார்க்க ஆரம்பித்தேன். இது எப்போது விழுங்கும் என்று எனக்குப் பெரிய கவலை வந்துவிட்டது. அடைக்கலம் கிணற்றுக் கப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "சுத்துது பாருங்க, வாத்தியாரே. வேற என்னதான் செய்யும் பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி சின்னப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மனுசனை மிருகமாக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கு மேல் அந்த உருண்டை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அன்று ராத்திரி சோறுதான் கொஞ்சம் அதிகமாக இறங்கியது.

ஐம்பத்து மூன்று தை மாதம், ஒரு சந்தை நாள். ரெங்கராஜ் என்று புதிதாக ஒரு மதுவிலக்கு இன்ஸ்பெக்டர், மதராஸ் பக்கத்துக்காரர், குழுவின் செயலாளரைப் பார்த்துப் பாராட்ட வந்தார். அடைக்கலம் அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லி, என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். வந்தவர் கை கழுவ எங்கே போவார்? கிணற்றடிக்குப் போனார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாழைக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன செடிங்க?"

"புளிச்சக்கீரைங்க" என்றார் அடைக்கலம். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அனுபவஸ்தர்.

"போன மாசம் ஒரு கேஸ்ல இதே மாதிரி எலை பார்த்தேனே."

"சாயல் அப்படித்தாங்க இருக்கும். எத்தனையோ பேரு ஏமாந்திருக்காங்க."

இன்ஸ்பெக்டருக்கு மனசு சமாதானமாகவில்லை. கீரை தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் "கீரையோ கீரை" என்று பிச்சையம்மாளின் குரல். இன்ஸ்பெக்டரே வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார்.

அவள் கூடையை இறக்கினாள். ஓர் இலையைக் கிள்ளினாள், கசக்கினாள், மோந்தாள். பிறகு அடைக்கலத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் அத்தனை மரியாதையை அவள் அதுவரை கண்டதில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் செயலாளருக்கு ஜெயில்.

"நான் படிக்காதவங்க" என்றாள் பிச்சையம்மாள். "அய்யா சர்க்கார்ல இருந்தவரு. ஏழு வருசத்துக்கு முந்தி எங்க வரப்புல இருந்ததைக் கஞ்சான்னாரு, அது கஞ்சாவாப் போச்சு. இப்ப இதைக் கீரைங்கிறாரு, அப்ப இது கீரையாத்தானே இருக்கணும். கீரைன்னா கடைஞ்சு திங்க வேண்டியதுதானேங்க."

இன்ஸ்பெக்டருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அடைக்கலத்துக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது. சாட்சியைத் தின்றுவிட்டால் வழக்கு ஏது? ஓடிப்போய் ஆறு செடியையும் ஓர் இலை விடாமல் உருவிக்கொண்டு வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்து பார்க்கத் துணிந்த ஆளை அன்றுதான் கண்டேன்.

சின்னப்பிள்ளை அடுப்பை மூட்டினாள். பருப்பு, பூண்டு, மிளகாய், தாராளமாக நல்லெண்ணெய். புளிச்சக்கீரை என்றால் புளிக்க வேண்டுமே என்று ஓர் உருண்டைப் புளியையும் ஊற வைத்தாள். அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"புளிச்சக்கீரைக்கு யாராச்சும் புளி ஊத்துவாங்களா, ஆத்தா?"

சின்னப்பிள்ளை சட்டென்று புளியைக் கரைத்துச் சட்டியில் ஊற்றிவிட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். நல்லவேளை, இன்ஸ்பெக்டருக்குச் சமையல் தெரியாது.

இலை போட்டார்கள். மரியாதைக்கு இன்ஸ்பெக்டர் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். எனக்கு வயிறு சரியில்லை என்று மோர்ச்சாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சம் முழுவதையும் அடைக்கலம் தின்றார். "அருமை, அருமை" என்று சட்டியை வழித்துத் தின்றார். தின்று முடித்து, வெற்றிலை போட்டு, மதுவிலக்கைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் அரை மணி நேரம் பேசினார். பிச்சையம்மாள் நகரவே இல்லை. கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போதை மனிதனை..." என்று தொடங்கியவர் நின்றார். மறுபடி "மனிதனை..." என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், வில்லை தொங்கிய பழைய இடத்தைத் தடவிப் பார்த்தார், அதற்கும் சிரித்தார். "புளி ஊத்தியிருக்கா! புளிச்சக்கீரைக்குப் புளி!" என்று மனைவியைக் காட்டிக் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர் கூரை ஓடுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்று தவறிப்போனால் வருத்தப்பட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"நான் மோந்து பாத்தேன், பிச்சையம்மா" என்றார் அடைக்கலம் திடீரென்று. "அன்னைக்கே மோந்து பாத்தேன். ஒரு எலையைக் கடிச்சும் பாத்தேன். சுத்தமான புளிப்பு. ஒன்னோடது கீரைதான்!" அதற்கும் ஒரு சிரிப்பு. உலகத்திலேயே பெரிய வேடிக்கை அதுதான் என்பது போல.

பிச்சையம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து போய், இலை உருவிய ஆறு தண்டுகளையும் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து அவர் தலையில் வைத்தாள்.

"இதைச் சந்தையில வந்து சொல்லுங்கய்யா."

"சொல்றேன். அதுக்கென்ன? சொல்றேனே!"

அவர் போனார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. தலையில் கட்டோடு, ஆட்டையும் வண்டிமாட்டையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, சந்தையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். "பிச்சையம்மா வித்தது கீரை! நான் பொய் சொன்னேன்!" என்று மேடைக் குரலில் கத்தினார். அவர் வாழ்நாளில் பேசிய பேச்சுகளில் உண்மை இருந்தது அது ஒன்றில்தான். அவள் இரண்டடி பின்னால் நடந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் மறுநாள் குழுவின் நோட்டில், "செயலாளர் வீட்டில் உணவு. கீரை நன்று. திருப்தி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேறு என்ன எழுதுவார்? தானும் இரண்டு கரண்டி தின்றிருந்தாரே. அடைக்கலம் பித்தம் தலைக்கேறி உளறிவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பதவியை விட்டார். அறுபத்தொன்றில் சாகும்வரை கிணற்றடியில் வாழையைத் தவிர எதுவும் வைக்கவில்லை. இலையில் கீரை வைத்தால் எழுந்து போய்விடுவாராம்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது சந்தைக்கு மறுநாள் காலை. பிச்சையம்மாள் வழக்கம்போல் எங்கள் வாசலுக்கு வந்தாள். நான் பெரிய மனது பண்ணிக்கொண்டு நானே எழுந்து போனேன்.

"வாங்க பிச்சையம்மா. நேத்தோட உண்மை தெரிஞ்சுபோச்சு. இனிமே யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

அவள் இரண்டு கட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஏன் வாத்தியாரே, ஏழு வருசமா வாரத்துக்கு ரெண்டு கட்டு எங்கிட்ட வாங்கிக் கடைஞ்சு தின்னீங்களே. அது கீரைதான்னு நேத்துதான் தெரிஞ்சதா ஒங்களுக்கு?"

கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.