டீ வாங்கப் போனவ

முதல்லயே சொல்லிர்றேன்க்கா, எனக்கு இந்தப் பேய், காத்துக்கருப்பு எதுலயும் நம்பிக்கை கெடையாது. புளியமரத்துல பேய் இருக்குன்னு யாராச்சும் சொன்னா, அதுக்காவது சும்மா தொங்க நேரம் கெடைக்குதேன்னு பொறாமைப்படுற ஆளு நானு. நீங்க நம்பாட்டியும் பரவாயில்ல, சிரிக்காம கேளுங்க. எனக்கு இதுல பயத்தை விட கோவந்தான் அதிகம்.

மேலூர்லருந்து தெனமும் பஸ்ஸு. மத்தியானம் வரைக்கும் காலேஜு, பி.காம் ரெண்டாவது வருசம். முடிச்ச கையோட மாசி வீதிப் பக்கம் ஒரு சேலைக்கடையில வேலை, கடை அடைக்கிற வரைக்கும். அந்தச் சம்பளத்துலதான் பீஸ் கட்டுறேன், வேலை போச்சுன்னா காலேஜும் போச்சு. காலேஜுல மேடம், "ஏம்மா கிளாஸ்ல தூங்குற, படிப்புல அக்கறையே இல்லையா"ம்பாங்க. கடை மொதலாளி அண்ணே, "எந்நேரமும் படிப்பு நெனப்பு, வேலையில புத்தியே இல்ல"ம்பாரு. வீட்டுக்குப் போனா அம்மா, "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே திரியிற, ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசுறியா"ங்கும். ஆளாளுக்கு நான் முழுசா வேணும், எனக்கு மட்டும் நான் மிச்சமே இல்ல. ஞாயித்துக்கெழமை லீவுன்னு பேரு, அன்னைக்குத்தான் அசைன்மென்டும் அழுக்குத் துணியும்.

அன்னைக்குக் காலையில செமினாரு. சாப்பிடாம ஓடி, நின்னு பேசி, வயித்துல ஒண்ணும் இல்லாம கடைக்கு வந்து டிபன் பாக்ஸத் தொறக்குறேன், கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பமே உள்ள நொழையுது. அண்ணே, "அப்பறம் சாப்டலாம், எந்திரி"ன்னாரு. ஒரு வாய் கூட வைக்கலக்கா. எங்கருந்துதான் அம்புட்டு ஆங்காரம் வந்துச்சோ, டப்பாவ மூடிப் பைக்குள்ள போட்டேன். "நான் போறேன்"ன்னேன்.

கல்லாவுல இருந்த மீனாக்கா, அதான் அண்ணே சம்சாரம், பதறிப்போச்சு. நான் வேலைய விட்டுப் போறதுக்குப் பதறல பாத்துக்கங்க. "சாமி படத்துக்கு முன்னாடி அப்படிச் சொல்லாதடி, கோவமா இருந்தாலும் வாரேன்னு சொல்லிட்டுப் போ"ன்னுச்சு. அந்தக் கோவத்துல எனக்கு அது இன்னும் எரிச்சல். "வந்தாத்தானக்கா வாரேன்னு சொல்லணும்? நான் போறேன்"னு வேணும்னே அழுத்திச் சொல்லிட்டுப் படி எறங்கிட்டேன்.

நேரா பஸ் ஏறி வண்டியூர் தெப்பக்குளம் போய், மதில் நெழல்ல உக்காந்து சாப்பிட்டேன். அப்பறம் சும்மா இருந்தேன். அதுக்கும் விட மாட்டேங்குறாங்க. வாக்கிங் வந்த ஒரு பெரியவரு, "யாரும்மா வரணும்?"னாரு. யாரும் வர வேணாம், சும்மா உக்காந்திருக்கேன்னேன். அவரு நம்பவே இல்ல. ஒரு பொம்பளப் புள்ள காரணமில்லாம உக்காந்திருக்கக் கூடாதா, என்ன ஊருக்கா இது. கடையிலருந்து ஒரு போன் கூட வரல. கோவிச்சுக்கிட்டுப் போனவளை ஒரு வார்த்தை கூப்பிட மாட்டாங்களான்னு அதுக்கும் ஒரு கோவம்.

வெயில் தாழவும் கோவம் போயி பயம் வந்துருச்சு. அடுத்த செமஸ்டர் பீஸுக்கு எங்க போக? கால்ல விழுந்தாவது வேலையக் கேட்டுருவோம்னு திரும்பி வந்தேன். கடைக்குள்ள நொழையிறேன், மீனாக்கா தலைய நிமுத்தாமயே, "அதுக்குள்ள வந்துட்ட, டீ எங்கடி?"ன்னுச்சு.

நக்கல் பண்ணுதுன்னுதான் நெனச்சேன். "மன்னிச்சிருங்கக்கா, புத்தி கெட்டுப் போயிட்டேன்"னேன். அது என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. "எங்கடி போன? படி எறங்குன, ஒடனே சிரிச்ச மூஞ்சியா திரும்பி வந்துட்ட. அம்புட்டு சேலையும் நீதான காமிச்ச, இப்பத்தான பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு டீ வாங்கப் போன"ங்குது. அலமாரியப் பாக்குறேன், சேலையெல்லாம் நான் ஒரு நாளும் மடிக்காத நேர்த்தியில மடிச்சிருக்கு. அண்ணே வேற, "இன்னைக்கு மாதிரி தெனமும் இரு, ஒனக்கு ஒரு குறையும் வராது"ன்னாரு. மீனாக்கா மெதுவாச் சொல்லுச்சு, "டீக்குப் போறப்ப எம்புட்டு அழகா, போயிட்டு வாரேன்க்கான்னு சொல்லிட்டுப் போன."

கடை அடைக்கிற வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டு நின்னேன். யாரும் வரல, பிளாஸ்க்கும் வரல. அத நான் தொலச்சேன்னு என் சம்பளத்துல பிடிச்சாங்க, இந்த அநியாயத்த எங்க போயிச் சொல்ல? எவளோ வாங்கப் போன டீக்கு நான் தண்டம் கட்டியிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் நான் சேலைய மடிச்சா அண்ணே, "அன்னைக்கு மாதிரி மடி"ங்குறாரு.

இதெல்லாங்கூட விட்டுருவேன்க்கா. அந்தக் கல்யாணப் பொண்ணு கடையில ஒரு செல்பி எடுத்திருக்கு. அத வாங்கி மீனாக்கா வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட, எங்கம்மா பாத்து எடுத்து வச்சுக்கிச்சு. என் சுடிதாருதான், கன்னத்துல என்னோட அதே மரு. நான் தெப்பக்குளத்துல இருந்த நேரத்துல அங்க நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். கண்ணுக்குக் கீழ கருப்பு இல்ல, நல்லாத் தூங்கி எந்திரிச்ச மூஞ்சி.

அம்மா போன்ல என் நம்பருக்கு அந்தப் படத்தத்தான் வச்சிருக்கு. எடுத்துரும்மான்னு சண்ட போட்டுப் பாத்தேன். "இருக்கட்டும்டி, இதுலதான் எம்மக எம்மகளா இருக்கா"ன்னுச்சு. பெத்தவ சொல்ற சொல்லாக்கா இது? எனக்கு அழுகையா வந்துச்சு. இப்பவும் பஸ் ஏறிட்டேன்னு நான் போன் பண்ணுனா, அம்மா போன்ல அவதான் வாரா.