இடது காதுக்கு ஒரு முள்

அப்பா போன பிறகு, நாலு பெரிய மனுஷர்கள் கூடி எங்களுக்குப் பாகம் பிரித்தார்கள். பட்டாசு கம்பெனி அண்ணனுக்கு, அச்சாபீஸ் எனக்கு. ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் அண்ணனுக்கு, ரெக்கார்டுகள் அத்தனையும் எனக்கு. சரிபாதியாம்! பிளேயர் இல்லாமல் ரெக்கார்டை வைத்துக்கொண்டு நான் நாக்கு வழிக்கவா என்று அந்த அறிவுக்கொழுந்துகளில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்கு நான் போக வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். அண்ணனுக்கு அதற்கும் மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டபோது கரகரவென்று சத்தம் வந்தது.

“முள்ளு தேஞ்சிருச்சுண்ணே. என் ரெக்கார்டைக் கீறுது, மாத்துங்க” என்றேன்.

“ஒன் ரெக்கார்டுதாம்லே சொத்தை. என் முள்ளுக்கு என்ன கேடு?” என்றார்.

நான் முள்ளைத் தூக்கக் கையை நீட்டினேன். அவர் தட்டிவிட்டார். முள் வளைந்து, ரெக்கார்டின் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டு போனது. “நீயெல்லாம் ஒரு மனுஷனா?” என்று கேட்டுவிட்டேன். முதல் அறை முள்ளுக்காக விழவில்லை, அண்ணனை ‘நீ’ என்று சொன்னதற்காக விழுந்தது. வாயில் ரத்தம் கரித்தது. நான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதில் அவருடைய நெற்றி நிலைப்படியில் மோதிப் பிளந்தது. அவர் பித்தளைச் சொம்பை எடுத்து என் தோளில் இறக்கினார். மதினி நடுவில் விழுந்து கத்தியிராவிட்டால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

தெருவில் இறங்கி நின்று, “வெடிச்சுச் சாவு!” என்றேன்.

பட்டாசை நம்பிப் பிழைக்கிற எங்கள் ஊரில் பிறப்பைச் சொல்லித் திட்டுவார்கள், வம்சத்தை இழுத்துத் திட்டுவார்கள். அந்தச் சொல்லை மட்டும் யாரும் யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போயிற்று, நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருஷம், ஒரு லீவு நாள். லேபிள் ஆர்டர் ஒன்றுக்காக மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தரை ஒரு தரம் தூக்கிப்போட்டது. ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஓடுவோம், புகை எந்தத் திக்கில் என்று பார்க்க. நாரணாபுரத்துப் பக்கம் கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. அண்ணனின் கம்பெனி இருந்த பக்கம் அது.

வேலையாட்கள் யாரும் வராத நாள் என்பதால், மிஞ்சிப்போன கழிவு வெடிமருந்தை அழிக்க அண்ணன் தனியாகப் போயிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட் இருந்த இடத்தில் சுவர் இல்லை. வேலிக்கருவைப் புதருக்குள் கிடந்தார். சட்டை கருகித் தோலோடு ஒட்டியிருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்து வரை வழிந்திருந்தது. “அண்ணே, அண்ணே” என்று அடித்தொண்டையில் கத்தினேன். அவர் என் வாயையே பார்த்து, “சத்தமாப் பேசுலே, சத்தமாப் பேசுலே” என்றார். நான் சொன்ன சொல்தான் அவரை இப்படிக் கிடத்திவிட்டது என்று நம்பினேன். யார் என்ன சொன்னாலும் அந்த நம்பிக்கை போகவில்லை.

மதுரையில் டாக்டர், வலது காது போனது போனதுதான் என்றார். இடது காதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது, புண் ஆறியதும் டெஸ்ட்டுக்கு வாருங்கள், கொஞ்சம் உயிர் இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். புண் ஆறியது. அண்ணன் போகவில்லை. மதினி என் அச்சாபீஸுக்கே வந்துவிட்டார்.

“கேக்கவே செய்யாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா என்ன செய்யன்னு பயப்படுறாக தம்பி. மாமாவோட நாதஸ்வர ரெக்கார்டுல தவிலு கேட்டுச்சுன்னா டெஸ்ட்டுக்கு வாரேன், இல்லைன்னா ஆளை விடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்காக” என்று அழுதார்.

முள்தான் வளைந்து கிடக்கிறதே! முள்ளைத் தாங்குகிற குட்டிக் கூடான கார்ட்ரிட்ஜோடு புதிதாக வாங்க வேண்டும். வாங்குவதென்றால் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்தான் என்று முடிவு செய்தேன். சாதாரண வகையில் முள்ளோடு சேர்ந்து குட்டிக் காந்தம் ஆடும். இதில் காந்தம் அசையாமல் நிற்க, மெல்லிய கம்பிச் சுருள் ஆடும். கனம் குறைவு என்பதால் பொடிச் சத்தத்தைக்கூட விடாமல் பிடிக்கும் என்பார்கள். மிச்சமிருக்கிற கொஞ்சக் காதுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஆனால் காலண்டர் சீசன் முடிந்த நேரம், அண்ணனின் கம்பெனியும் மூடிக் கிடந்தது. இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்க்க வேண்டும்.

லேபிள் அடித்து வீணான தாள்களின் பின்பக்கம் நான் எழுதிக் காட்டுவேன், அண்ணன் வாயால் பதில் சொல்வார். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் ஒவ்வொரு பதிலும் நாலு தெருவுக்குக் கேட்டது. நான் ஒரு மாடலை எழுதினேன். கூர்மையான முள், ரொம்ப நுணுக்கம் என்று கீழே கோடு போட்டேன்.

“அதுல கரண்டு எம்புட்டு வரும்?” என்று கத்தினார்.

குறைவாகத்தான் வரும், அதைப் பெருக்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டும் என்று எழுதினேன்.

“கூறுகெட்டவனே! கார்ட்ரிட்ஜ் வாங்கவே கை கடிக்குது, பெட்டிக்கு எங்கன போவ? சுருள்ல சுத்து கூட இருக்கிறதா, சத்தம் கூட வர்றதா பாரு. நம்ம ஆம்ப்ளிஃபயர்லயே மாட்டலாம். முள்ளு உருண்டையா இருக்கட்டும். ஒன் பளைய ரெக்கார்டுக்குக் கூர் முள்ளு எதுக்குலே?”

சுற்று கூடினால் கனம் கூடும், நுணுக்கம் குறையும் என்று எழுதினேன். கோபத்தில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் தாளைப் பிடுங்கிச் சுருட்டி என் முகத்தில் எறிந்தார். நான் மேசையைக் குத்தினேன். அவர் நாற்காலியைத் தள்ளினார். வாசலில் தெருவே கூடிவிட்டது, பழையபடி மண்டை உடையப்போகிறது என்று. மதினி சொம்பை எடுத்து ஒளித்துவைத்தார். கடைசியில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் சொன்னதுதான் சரி. பிளேயரில் முள்ளைத் தாங்குகிற கைக்கும் அவர் சொன்ன வகையின் எடைதான் பொருந்தியது. சென்னைக் கடை ஒன்றிலிருந்து கூரியரில் வரவழைத்தேன்.

மாட்ட நான்தான் உட்கார்ந்தேன். அச்சாபீஸ் ஸ்குரூ டிரைவரை அருகில் கொண்டுபோனேன். பளீரென்று மணிக்கட்டில் ஓர் அடி.

“இரும்பை எதுக்குலே கொண்டு போற? காந்தம் இளுத்தா முள்ளு போச்சு!” என்று தன்னுடைய பித்தளை ஸ்குரூ டிரைவரை நீட்டினார். மருந்து புழங்குகிற இடத்தில் இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்பதால் அவருடைய சாமான்கள் பெரும்பாலும் பித்தளை. இந்த வகை கார்ட்ரிட்ஜில் முள்ளை மட்டும் மாற்றவும் முடியாது, உடைந்தால் முழுதும் போச்சு. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மாட்டி முடித்தேன். நாலு பொடி ஒயர்களையும் செருகினேன்.

அப்பாவின் நாதஸ்வர ரெக்கார்டில் முள் இறங்கியது, பழைய கீறல் சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்றது. நான் பாட்டைக் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டி, “நல்லாருக்குலே” என்றார்.

மதினி வைத்த குழம்பைக்கூட இதுவரை நல்லாயிருக்கு என்று சொல்லாத மனுஷர். இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, எனக்காகச் சொல்கிறார். மதினி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். பாவி நான், ஒரு சொல்லால் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வெறி பிடித்து ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை முழுக்கத் திருகினேன். ஜன்னல் கதவு அதிர்ந்தது. அண்ணன் எழுந்துபோய் ஸ்பீக்கர் பெட்டியில் கையை ஊன்றி, இடது காதை அதன்மேல் வைத்தார்.

பிறகு வந்து என் பிடரியில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

“தவிலு எங்கலே? நாயனம் மட்டும் எங்கியோ பீப்பீன்னு போகுது. தவிலு எங்க?”

அவருடைய காது தவிலை விட்டுவிட்டதா, ரெக்கார்டு விட்டுவிட்டதா? அப்போதுதான் நானும் காதுகொடுத்துக் கேட்டேன். உண்மைதான்! தவில் சோடையாக, தகர டப்பாவைத் தட்டுவதுபோல வந்தது. பிளேயரை நிறுத்தி, கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை ஒயரும் நீல ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒரு பக்கம் தலைகீழாகிவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தின்றுவிடும், கனத்த சத்தம் செத்துப்போகும். அவர் காது சரியாகத்தான் இருந்தது. தப்புப் பண்ணியது என் கை.

மாற்றிச் செருகி மறுபடி போட்டேன். தவில் இடித்துக்கொண்டு வந்தது. அண்ணன் பெட்டியை விட்டு நகரவில்லை. மதினி வாய்விட்டு அழுதார், நானும் அழுதேன். தாளைத் தேடவில்லை. அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் போய், தொண்டை கிழிய, “நாளைக்கு மதுரைக்குப் போவோமாண்ணே?” என்றேன்.

“கத்தாதலே,” என்றார். “காதுல விளுது.”